முழங்கால் பனி

வாலாஜாபாத்துக்கு அப்பால் ஒரு மாதா கோயில் திருவிழாவுக்கு எங்கள் தெருவே நடந்து போய்க்கொண்டிருந்தது. என் மனைவி அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. வெயில் ஏறியதும் களைத்துப் போய், சாலையோரப் புளியமரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டாள். நான் தோளிலிருந்த மூட்டையை இறக்குவதற்குள் பின்னாலிருந்து ஒருவர் ஓடிவந்தார். குனிந்து, அவள் முழங்கையைப் பற்றி, ஒரே இழுப்பாக இழுத்து நிறுத்தினார்.

“குந்தாதே! ஏந்திரு! நட, நட!”

அவள் அலறினாள். இரண்டு வளையல் உடைந்து கையில் கீறிவிட்டது. நான் அவர் மார்பில் கைவைத்துத் தள்ளினேன். அடிக்கவும் கை ஓங்கிவிட்டேன். அவர் தடுக்கவில்லை. கோபக்கார முகத்தை எதிர்பார்த்திருந்த எனக்கு அந்த முகத்தைக் கண்டதும் கை இறங்கிவிட்டது. அப்படியொரு பயம் அதில் இருந்தது. உதடு உலர்ந்து, கண் எங்கேயோ இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, புளியமரத்தையும் சாலையையும் எங்களையும் பார்த்தார்.

“மன்னிச்சுக்கோ கோவில்பிள்ள,” என்றார். “தங்கச்சி மூச்சு வாங்கிக்கட்டும். ஆனா நின்னுக்கினே வாங்கிக்கட்டும்.”

அவரை ஊரில் பஸ்ராக்காரர் என்பார்கள். முதல் உலகச் சண்டையின்போது எங்கள் பக்கத்துச் சேரிகளிலிருந்து கூலிப்படைக்கு ஆள் எடுத்தார்கள். மழை பொய்த்துப் போய் ஆண்டை வீட்டு நிலத்தில் வேலை இல்லாத சமயம். அவரும் அவர் மனைவியின் தம்பியும் ஒன்றாகக் கப்பலேறினார்கள். பஸ்ராவில் இறங்கி, அங்கிருந்து வடக்கே எங்கேயோ மலைநாட்டுக்கு ரோடு போட அனுப்பினார்களாம். சண்டை முடிந்து இவர் மட்டும் திரும்பி வந்தார், இடது காலில் இரண்டு விரல் இல்லாமல். மைத்துனன் அந்தோணி அங்கே பட்டாள ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் செத்துப்போனான், ஒரு சாமியார் வந்து சாகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெய் பூசினார், சிலுவை நட்டுப் புதைத்தார்கள் என்று மாமியாரிடம் சொன்னார். அந்த அம்மாள் அதை நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் ஒன்றும் இல்லை.

நான் அந்தக் காலத்தில் ஏனாத்தூர் பக்கமிருந்த எங்கள் சிறிய கோயிலில் கோவில்பிள்ளையாக இருந்தேன். மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்துவைப்பது, சாமியார் வெளியூர் போயிருந்தால் சாவுக்கு ஜெபம் சொல்வது, எல்லாம் என் வேலை. அதனால் தெருவில் யார் எப்படி என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். இவர் மட்டும் பிடிபடவே இல்லை.

வயலில் சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவார். கோயில் முற்றத்தில் நடக்கும் திருவிழாப் பிரசங்கத்தின்போது எல்லோரும் தரையில் உட்கார, அவர் ஒருவர் மதிலோடு நிற்பார். வீட்டுக்குள் உட்காருவார், படுப்பார், அதிலெல்லாம் வித்தியாசம் இல்லை. வெட்ட வெளியில்தான் இந்தக் கூத்து. வழிநடையில் யாராவது குந்திவிட்டால் அவரால் தாங்க முடியாது. நடவு வயலில் மேஸ்திரி வெற்றிலை போட நேரம் கொடுப்பான். பெண்கள் வரப்பில் உட்காருவார்கள். இவர் ஒவ்வொருத்தியாகப் போய், “ஏந்திரும்மா, ஏந்திரு,” என்று கெஞ்சுவார். ஒரு தடவை குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வரப்பில் சுருண்டுவிட்ட கிழவர் ஒருவரைத் தூக்கி நிறுத்தி, தோளில் கைபோட்டு, வயலைச் சுற்றிச் சுற்றி நடத்தினார். கிழவர், “விட்றா, சாவறேன்,” என்று அழுதார். இவர் விடவில்லை. கடைசியில் நாலு பேர் சேர்ந்து பிரித்தார்கள். அதன்பிறகு அந்த மேஸ்திரி அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

“புத்தி கலங்கிப் போச்சு அவருக்கு,” என்பாள் என் மனைவி. அவள் கையில் வளையல் கீறிய தழும்பு இருந்தது. ஆனால் அவரைத் திட்டி நான் கேட்டதில்லை.

அப்போது எங்களுக்கிருந்த பங்குச் சாமியார் வெள்ளைக்காரர், ஏதோ மலைப்பிரதேசத்தில் பிறந்தவர். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். ஒரு வருஷம் என்னிடம், “கோவில்பிள்ளை, இந்த முறை குடிலில் பனி வேண்டும். எங்கள் நாட்டில் பனி இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை,” என்றார்.

எங்களுக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் கூரையில் சொட்டுவது. அது தரையில் வெள்ளையாகக் குவியும் என்றார் சாமியார். சரி என்று, வைக்கோல் பரப்பி, அதன்மேல் பச்சரிசி மாவைச் சலித்துத் தூவினேன். மறுநாள் காலை பார்த்தால் ஊரிலுள்ள எறும்பெல்லாம் குடிலில் இருந்தது. பாலசேசுவின் முகத்தில்கூட ஊர்ந்தது. மாவு வரிசை வரிசையாகச் சுவர் விரிசலுக்குள் போய்க்கொண்டிருந்தது. பூசைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். பஸ்ராக்காரர் சிரிக்கவில்லை. குடிலின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“இது பனி இல்ல,” என்றார்.

“பின்ன எப்படி இருக்கும்? நீங்க பாத்திருக்கீங்களா அண்ணே?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷம் கார்த்திகை பிறந்ததும் தானாகவே வந்தார். “தரைய நான் போடறேன். பொம்மைய மட்டும் நீ வெச்சுக்கோ,” என்றார்.

அவர் தரை போட்ட விதத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் குடில் பொம்மைகளில் ஒரு சுரூபத்தைக் கையால் அளந்தார். “ஆளு ஒரு சாண். அப்ப தலையளவு கல்லு இதுல நெல்லிக்கா. கைப்பிடிக் கல்லு சுண்டைக்கா. முழங்கால் பனின்னா மூணு வெரக்கடை.” அந்தக் கணக்கை விட்டு அவர் கடைசிவரை நகரவில்லை. பழைய கட்டில் பலகைகளைச் சேர்த்து அடித்து, அதன்மேல் மரக்கட்டை, கொட்டாங்குச்சி என்று வைத்து மேடு பள்ளம் கட்டினார். புற்றுமண்ணைக் கரைத்து அதில் கோணியை ஊறப்போட்டு, அப்படியே மேட்டின்மேல் போர்த்தினார். அது காய்ந்து வெடித்தது. வெடிப்பை அடைக்க நான் மண் கொண்டுவந்தபோது, “எல்லாத்தையும் அடைக்காத, மலையில வெடிப்பு இருக்கும்,” என்றார். புளியங்கொட்டைப் பசை தடவி, பாலாற்று மணலைச் சலித்து ஒட்டினார். பொடிக்கல்லை எறியவில்லை, ஒவ்வொன்றாகப் பாதி புதைத்து வைத்தார். காய்ந்த புல்லுக்குத் தேங்காய் நாரைப் பிய்த்து நட்டார். உமிச்சாம்பலைப் பள்ளங்களில் மட்டும் தேய்த்தார். அது உலர்ந்தபோது, பனி போடுவதற்கு முன்பே, எங்கள் பக்கத்தில் எங்கும் இல்லாத ஒரு வறண்ட மலைச்சரிவு அந்தப் பலகையில் கிடந்தது.

பனிக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. நெசவுத் தெருவிலிருந்து ஒரு பட்டுக் கிழிசல் வாங்கிவந்து அதில் சலித்தார். காகிதத்தை ஊறவைத்து இடித்த கூழில் சுண்ணாம்பும் வேலம் பிசினும் கலந்து கனமாக அப்பினார். அது ஈரமாக இருக்கும்போதே மூங்கில் குழாயில் உலர்ந்த சுண்ணாம்பை வைத்து ஊதினார். ஒரே பக்கத்திலிருந்துதான் ஊதினார். கல்லுக்கு ஒரு பக்கம் வெள்ளை ஏறி, மறுபக்கம் கருப்பாகவே நின்றது. பள்ளங்களில் துணிக்குப் போடும் நீலத்தைத் துளி கரைத்துத் தொட்டார். ஆள் நடக்கிற இடத்தில் வெள்ளையைக் கலைத்து, சேற்றைக் கலந்து, அழுக்காக்கினார்.

“அங்க ஏன் அழுக்கு பண்றீங்க?”

“ஆளு போனா அப்படித்தான் ஆவும்.”

நான் காக்காப்பொன் பொடியைக் கொண்டுவந்து, கொஞ்சம் தூவினால் மின்னும் என்றேன்.

“வெயிலடிச்சா மின்னும்,” என்றார். “அங்க வெயிலு அடிக்கல.”

சாமியார் வந்து பார்த்தார். சிரித்த முகமாக வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். “இது உண்மையான பனி,” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, “ஒரு மரமாவது வையுங்கள். இப்படியிருந்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது,” என்றார். பஸ்ராக்காரர் முனகிக்கொண்டே ஒரு மரம் வைத்தார். இடையர்களின் சுரூபங்களை அவரே எடுத்து நட்டார். ஒருவர் பின்னால் ஒருவராக, குனிந்து, நடக்கிற நிலையில். சிறு குச்சியைக் காலடி போலச் செதுக்கி, அவர்களுக்குப் பின்னால் தடம் பதித்தார். எங்களிடம் முழங்கால் மடித்து உட்கார்ந்த இடையன் சுரூபம் ஒன்று உண்டு. அதைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டார். “உள்ள இருக்கறவன் குந்தலாம். வெளிய இருக்கறவன் குந்தக்கூடாது.”

சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்துகூடச் சிலர் வந்து வாசலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் குடிலின் முன்னால் சத்தமாகப் பேசவில்லை. ஒரு நெசவுக்காரர், “பாத்தாலே குளுருதுபா,” என்று தோளைத் தேய்த்துக்கொண்டார்.

இப்படி மூன்றோ நாலோ கிறிஸ்துமஸ் போனது. அவருடைய மாமியார் சனிக்கிழமைதோறும் கோயிலைப் பெருக்குவாள். செத்துப்போன மகனுக்காக எடுத்துக்கொண்ட வேண்டுதல் அது. மெலிந்த, எலும்புறுதியான மனுஷி. நாற்று மூட்டையை ஆணுக்குச் சமமாகத் தூக்குவாள். கல்லறைத் திருநாளில் ஊரெல்லாம் தத்தம் கல்லறைக்குப் பூ வைக்கும்போது, அவள் மட்டும் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடியில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பாள். “பஸ்ரா எந்தத் தெசைப்பா?” என்று ஒருமுறை என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. வடமேற்காகக் கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிற்பகல், அன்றும் சனிக்கிழமை. நான் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். பஸ்ராக்காரர் குடிலின் ஓரத்தில் கடைசியாகச் சுண்ணாம்பு ஊதிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். குளிருக்குச் சாம்பல்நிறக் கம்பளி ஒன்றைப் போர்த்தியிருந்தாள். அது அந்தோணிக்குப் பட்டாளத்தில் கொடுத்தது. செத்தபின் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தார்கள் என்று சொல்லி மருமகன் கொண்டுவந்தது. மார்கழி முழுக்க அது அவள் உடம்பில்தான் இருக்கும்.

குடிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் சந்து இருந்தது. பெருக்க அதற்குள் போனவள் வெளியே வரவில்லை. துடைப்பச் சத்தமும் நின்றுவிட்டது.

“இது யாருப்பா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

பஸ்ராக்காரர் கையிலிருந்த குழாய் கீழே விழுந்தது. நான் எட்டிப் பார்த்தேன். குன்றின் பின்சரிவில், முன்னாலிருந்து யார் கண்ணுக்கும் படாத இடத்தில், அரைச் சாண் உயர மண்பொம்மை ஒன்று. எங்கள் சுரூபம் அல்ல, அவரே பிசைந்து செய்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, உடம்பெல்லாம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இடுப்புவரை வெள்ளை மூடியிருந்தது.

“எல்லாரும் நடந்துக்கினு போறாங்க. இவன் ஒருத்தன் மட்டும் இன்னாத்துக்குக் குந்திக்கினு இருக்கறான்?”

அவர் குனிந்து, விழுந்த குழாயை எடுத்தார்.

“உன்னத்தான் கேக்கறேன் மாப்ள. யாரு இது?”

“அந்தோணி,” என்றார்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

“ஆஸ்பத்திரின்னியே?”

“ஆஸ்பத்திரி இல்ல அத்தே. ஒரு முகாம்லருந்து இன்னொரு முகாமுக்கு அனுப்பினாங்க. வழியில பனி புடிச்சுக்கிச்சு. குந்தினவன் ஏந்திரிக்கமாட்டான்னு கூட இருந்தவங்க சொல்லிக்கினே வந்தாங்க. அவன் காலு கருத்துப் போயிருந்துச்சு. ‘மாமா, செத்த நேரம்’னான். தூக்கி நிறுத்தினேன். மறுபடியும் குந்தினான். மறுபடியும் தூக்கினேன். அப்புறம் எனக்குச் சக்தி இல்ல.”

“சாமியாரு?”

“யாரும் இல்ல.”

“சிலுவ நட்டது?”

இல்லை என்று தலையை ஆட்டினார். “பனி நின்னப்புறம் போய்த் தேடினோம். எல்லா மேடும் ஒண்ணு மாதிரி இருந்துச்சு.”

அவள் அந்தச் சரிவின் பக்கம் குனிந்தாள். பிறகு கேட்கத் தொடங்கினாள். குரல் ஏறவே இல்லை. சந்தையில் ஒரு பொருளைப் புரட்டிப் பார்க்கிறவளைப் போலக் கேட்டாள்.

“அங்க மரம் இருந்துச்சா?”

“இல்ல.”

“பின்ன இது ஏன்?”

“சாமியார் கேட்டாரு.”

“புடுங்கு.”

அவர் மரத்தைப் பிடுங்கினார். வேர் இருந்த குழியைப் பனியால் மூடச் சொன்னாள். மூடினார்.

“எந்தப் பக்கம் பாத்துக்கினு குந்தினான்?”

அவர் பொம்மையைக் கொஞ்சம் திருப்பினார். நடந்து போகிறவர்களின் முதுகைப் பார்க்கிற மாதிரி.

“பனி இவ்ளோதான் இருந்துச்சா?”

“இல்ல. நெஞ்சுவரைக்கும்.”

“போடு.”

அள்ளி அப்பினார். கீழே சிந்தியதைத் துடைத்துச் சரிசெய்தார். நான் எண்ணெய்ச் செம்போடு அப்படியே நின்றிருந்தேன். அங்கிருந்து போகவும் முடியவில்லை, தடுக்கவும் தோன்றவில்லை.

“போத்திக்கினு இருக்கறானே,” என்றாள் அவள். தன் தோளிலிருந்த கம்பளியைத் தொட்டாள். “அப்ப இது ஏது?”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். 

“கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பி வந்தேன். நான்தான் உருவினேன்.”

“உசுரு இருந்துச்சா?”

“தெரியல.”

“கையத் தொட்டுப் பாத்தியா? சூடு இருந்துச்சா?”

“தொட்டேன் அத்தே. என் கையில உணர்ச்சி இல்ல.”

“கண்ணு?”

“தொறந்துதான் இருந்துச்சு. என்னப் பாத்தானா, இல்லியா, எனக்குத் தெரியல. இன்னிக்கும் தெரியல.”

வெளியே யாரோ வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அவள் கம்பளியைக் கழற்றி மடித்துத் தரையில் வைத்தாள். கையை நீட்டி அந்த மண்பொம்மையைக் காட்டினாள்.

“அதையும் எடுத்துடு.”

அவருக்குப் புரிந்தது. இடுப்பிலிருந்து சிறு கத்தியை எடுத்தார். பொம்மையின் தோளிலிருந்து போர்வையைச் சுரண்ட ஆரம்பித்தார். காய்ந்த மண், துகள் துகளாகப் பனியில் விழுந்தது. முதுகு வெளியே வந்தது. கை வெளியே வந்தது. அவர் அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. என்னால் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. சுரண்டி முடித்தபோது, அதற்குள்ளே இருந்தது மிகவும் சின்னதாக இருந்தது.

“இது என் பொண்ணுக்குத் தெரியவேணாம்,” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள் அந்த அம்மாள். “அவளுக்கு இவன் வேணும்.” பிறகு துடைப்பத்தை எடுத்து மிச்சத்தைப் பெருக்கிவிட்டுப் போனாள்.

ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள்வரை குடில் இருந்தது. தினம் காலையில் அவள் அந்தச் சந்தில் போய் நின்று மெழுகுதிரி ஏற்றினாள். சாமியார், “குடிலுக்குப் பின்னால் ஏன் வெளிச்சம்?” என்று கேட்டார். ஒரு தாயின் வேண்டுதல் என்றேன். குனிந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, தெரியாது. மரம் எங்கே என்று அவர் கேட்கவில்லை.

குடிலைப் பிரித்த அன்று அவள் முறத்தோடு வந்தாள். பொம்மையையும் அதைச் சுற்றியிருந்த சுண்ணாம்பையும் கல்லையும் நாரையும், அந்த இடத்தை அப்படியே, பெயர்த்து முறத்தில் வாங்கிக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்து மூலையில் மருமகன் ஒரு முழக் குழி வெட்டிவைத்திருந்தார். அவர் மண்ணள்ளக் குனிந்ததும், அவள் கையைக் காட்டி விலகிப்போகச் சொன்னாள். விலகிப்போய் மதிலோரம் நின்றார். சாமியார் வெளியூர் போயிருந்தார். அடக்க ஜெபத்தை முழுசாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். கம்பளியை அன்றைக்கே யாரோ பிச்சைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள்.

அதன்பிறகு அவள் மருமகனோடு பேசவில்லை. ஒரே குடிசை, ஒரே அடுப்பு. சோற்றைப் போட்டு மகளிடம் கொடுப்பாள். மகள் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பாள். அம்மாவுக்கும் புருஷனுக்கும் என்ன சண்டை என்று அந்தப் பெண் என் மனைவியிடம் வந்து அழுவாள். இவளுக்கும் ஒன்றும் தெரியாது. அவர் குடில் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் இலவம் பஞ்சைப் பரப்பினேன். ஜனங்கள் அதையும் அழகாக இருக்கிறது என்றார்கள்.

வழியில் குந்தியவர்களை அதட்டுவதையும் அவர் விட்டுவிட்டார். அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இப்போது யாராவது உட்கார்ந்தால் அவர் தலையைத் திருப்பிக்கொண்டு வேகமாகக் கடந்து போவார்.

அடுத்த வருஷம் அவருக்கும் அவர் மனைவிக்கும் கல்யாணமாகி வெகுநாள் கழித்து ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்தார்கள். சாமியார் தண்ணீர்ச் சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “பிள்ளைக்கு என்ன பெயர்?” என்று தகப்பனைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மாமியார் சொன்னாள்.

“அந்தோணி.”

மகளுக்குச் சந்தோஷம், தம்பி பெயர் என்று. நான் அவர் பக்கம் பார்த்தேன். அவர் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெழுகு விரல்மேல் வழிந்தது, கையை உதறவில்லை.

பிள்ளை வளர்ந்தது. வீட்டில், தெருவில், எல்லோரும் நாளெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மாமியார் மற்றவர்களைவிட உரக்கக் கூப்பிடுவாள், அவர் காதில் விழும்படி. அவர் மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. “டேய்” என்பார். “தம்பி” என்பார். எட்ட இருந்தால் கையைத் தட்டுவார். பிள்ளைமேல் உயிர், தோளிலிருந்து இறக்கமாட்டார். ஆனால் பெயர் சொல்லமாட்டார்.

அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயசு இருக்கும்போது நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆவணி மாசம். பாலாறு வழக்கம்போல் மணலாகக் கிடந்தது. வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஆற்றுமணலில் ஊற்றுக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் தோண்டினார்; மாமியார் மணற்கூடை சுமந்தாள். கோயில் சுவர் பூச மணல் ஏற்ற நான் வண்டி கொண்டுபோயிருந்தேன். கூலிக்காரர்களின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நடு ஆற்றுக் குட்டைகளில் மீன் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைக்குமேல் ஒரு மேகம் இல்லை. மேற்கே எந்த ஊரிலோ மழை கொட்டியிருக்கிறது.

முதலில் மாடுகள் மிரண்டன. பிறகு மேட்டிலிருந்து ஒருவன் கத்தினான்: “தண்ணி வருது! தண்ணி!”

மணல்மேல் பழுப்பு நுரை ஒரு கோடாக உருண்டு வந்தது. பார்க்க மெதுவாக வருவது போலத்தான் இருந்தது. அதன் இரைச்சல் அதற்கு முன்பே எங்களிடம் வந்துவிட்டது. கரையிலிருந்து எல்லோரும், “டேய், டேய், ஓடியாடா!” என்று கூவினார்கள். பிள்ளைகள் சிதறி ஓடிவந்தார்கள். அந்தோணி மட்டும் தூரத்துக் குட்டையில் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். எல்லோரும் கத்திய ‘டேய்’ அவனுக்கு விளையாட்டுச் சத்தம்தான். உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பாட்டி அப்போது மணற்கூடையோடு கரைக்கு அந்தப் பக்கம் இறங்கியிருந்தாள்.

தகப்பன், “டேய்! தம்பீ!” என்று கத்திக்கொண்டே மணலில் இறங்கி ஓடினார். விரல் இல்லாத கால் மணலில் சறுக்கி விழுந்தார். எழுந்தார். பிள்ளை திரும்பவில்லை. நுரைக்கோடு மேல்குட்டையைத் தொட்டுவிட்டது. அவர் நின்றார். வாய் திறந்து மூடியது.  பிறகு அந்தக் குரல் வந்தது. மனுஷத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

“அந்தோணீ!”

பிள்ளை சட்டென்று திரும்பினான். அப்பா தன் பெயர் சொல்லி அவன் கேட்டதே இல்லையே. தண்ணீரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், கையிலிருந்த மீன்சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அவர் எதிரே ஓடி அவனை வாரிக்கொண்டு கரையேறியபோது முழங்கால்வரை தண்ணீர் வந்திருந்தது. சற்று நேரத்தில் அந்தக் குட்டைகள் இருந்த இடமே தெரியவில்லை. கரைக்குக் கரை பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

பிள்ளையை இறக்கிவிட்டார். அவன் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அவர் குனிந்து பார்க்கவில்லை. வெள்ளத்தைப் பார்த்து நின்று, “அந்தோணீ! அந்தோணீ!” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் பிடித்து உலுக்கினோம். “அண்ணே, பிள்ள இங்க இருக்கறான், பாருங்க,” என்றேன். கூப்பிடுவது நிற்கவில்லை.

மாமியார் மணற்கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மருமகன் பக்கத்தில் போய் நின்றாள். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு முதல்முறையாக அவரிடம் பேசினாள்.

“போதும்பா. வந்துட்டான்.”

அவர் கேட்டதாகத் தெரியவில்லை. தொண்டை கட்டிப்போய் வெறும் காற்று வரும்வரைக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் அவளும் அங்கேயே நின்றாள்.